பேரீச்சம்பழம் வேண்டாம்... ரெண்டு கதவு வேணும்!

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்ம்ம்..!"

இந்தக் குரலை நேரில் கேட்டிருக்கிறீர்களோ இல்லையோ, கிண்டலில் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள். செகண்ட் ஹேண்ட் பைக்கில் கெத்தாக காலேஜுக்குள் நுழைகிற ஒவ்வொருவரையும், "மச்சான், இதைப் போட்டா எத்தனை கிலோ பேரீச்சம்பழம் தருவான்?" என்று கேட்க பார்க்கிங்கில் ஒரு கும்பல் ரெடியாக இருக்கும். ஒரு காலத்தில் தெருவில் வரும் வியாபாரி ஓட்டைச் சட்டியை வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கை நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போவார். கொடுத்தவருக்கு இனிப்பு, வாங்கியவருக்கு லாபம். யாருக்கும் வருத்தமில்லை.

ஆனால், அந்தச் சட்டியின் உண்மையான விலை என்ன? அது எங்கே போகிறது? யார் கையில் காசாகிறது? ஒரு ஸ்கூலுக்காக இந்தக் கேள்விகளோடு கிளம்பிய ஒரு காலேஜ் கேங்குடன் 2024 டிசம்பரில் சில நாள் சுற்றினேன். புதுப்பேட்டையில் ஆரம்பித்து, கொருக்குப்பேட்டை வழியாக கும்மிடிப்பூண்டி வரை... ஒரு காயலான் கடை டூர்!

எதுக்கு இந்த வேலை?

சென்னையில் ஒரு கலைக் கல்லூரி. அதன் என்.எஸ்.எஸ். மாணவர்கள் 32 பேர் பொன்னேரி பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு ஏழு நாள் கேம்ப் போனார்கள். காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கிய திட்டம் என்.எஸ்.எஸ். அன்றிலிருந்து கேம்ப் என்றால் மரம் நடுவது, கோயில் குளத்தில் முள்செடி வெட்டுவது, ராத்திரி பாட்டுக்குப் பாட்டு, கடைசி நாள் கண்ணீர். இவர்களும் எல்லாவற்றையும் செய்தார்கள். கூடவே ஊரில் இருந்த அரசு நடுநிலைப் பள்ளியில் ஒரு விஷயத்தைக் கவனித்துவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஏழாவது, எட்டாவது படிக்கிற பெண் பிள்ளைகள் சிலர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். சில நாள் திரும்பி வருகிறார்கள். பல நாள் வருவதில்லை. காரணத்தை முதலில் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெண், கேம்ப் அக்காவிடம் மட்டும் காதோடு சொன்னாள். "பாத்ரூம்ல கதவு இல்லக்கா. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். தண்ணியும் வராது."

கட்டடம் இருக்கிறது. சுவரில் பெயின்ட்கூட இருக்கிறது. இரண்டு கதவுகள் துருப்பிடித்து விழுந்துவிட்டன. மேலே தண்ணீர்த் தொட்டி உடைந்திருக்கிறது. ஊர் மேஸ்திரி போட்டுக் கொடுத்த எஸ்டிமேட் 40,000 ரூபாய்.

"இதை கவர்மென்ட்தானே செய்யணும்?" கேம்ப் முடிந்து பஸ்ஸில் வரும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. கேள்வி நியாயமானது. பள்ளியில் ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிவறை இருக்க வேண்டும் என்று 2009-ம் வருட கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. "லெட்டர் போடுவோம். ஃபண்டு வர்றதுக்குள்ள இந்த எட்டாவது பேட்ச் ஸ்கூலை விட்டே போயிடும்டா" என்றாள் இன்னொருத்தி. கடைசியில் தீர்ப்பு: மனுவும் போடுவது, காசும் சேர்ப்பது.

ஊர் கூடிப் பள்ளிக்குக் கொடுப்பது நமக்குப் புதுசும் இல்லை. காமராஜர் முதல்வராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஜனங்கள் பெஞ்சு, கரும்பலகை என்று வாரிக் கொடுத்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் அதே வழிதான். ஆனால் நன்கொடை கொடுக்க ஸ்டூடன்ட்ஸ் பாக்கெட்டில் என்ன இருக்கும்? கேன்டீன் பாக்கிதான் இருக்கும். "காசு இல்ல. ஆனா எல்லார் வீட்டுப் பரண்லயும் இரும்பு இருக்கு" என்றான் ஒருவன். அங்கே எரிந்தது பல்பு.

பரணும் பாலிசியும்

இரண்டு மாத வேட்டை. ஓடாத மிக்ஸி, கைப்பிடி போன குக்கர், தாத்தாவின் இரும்புக் கட்டில், பழைய ஜன்னல் கம்பி, குழாய், ஓட்டை அண்டா... ஹாஸ்டல் ரூமுக்குப் பின்னால் மலையாகக் குவிந்தது.

சும்மா சேர்க்கவில்லை. சில கண்டிப்பான விதிகள் வைத்திருந்தார்கள். ஒன்று, காலேஜ் சாமானைத் தொடக்கூடாது. லேபில் உடைந்து கிடக்கிற ஸ்டூல்கூட ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கும். அதைக் கழித்து எழுதி, முறைப்படி ஏலம் விட்டால்தான் வெளியே போக முடியும். இரண்டு, ரோட்டில் கிடக்கும் எதையும் எடுக்கக்கூடாது. சாக்கடை மூடி, கேபிள் துண்டு என்று எது வந்தாலும் 'திருட்டு மாலோ' என்று கடைக்காரர் யோசிப்பார். அதனால் பிரின்ஸிபால் கையெழுத்தோடு ஒரு கடிதமும் கையில். மூன்று, பேட்டரிக்கும் கம்ப்யூட்டருக்கும் நோ என்ட்ரி! பேட்டரியில் ஈயமும் ஆசிடும் இருக்கிறது. பேட்டரிக் கழிவுக்கும் மின்னணுக் கழிவுக்கும் 2022-ல் வந்த தனித்தனி மத்திய விதிகள் இருக்கின்றன. அவை பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் போக வேண்டும்.

நான்காவது விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஹாஸ்டல் தெருவில் மீன்பாடி வண்டி ஓட்டும் ஒரு பெரியவர். குவியலைப் பார்த்துவிட்டு அவர் கேட்டாராம்: "நீங்க படிக்கிற புள்ளைங்க. நல்லதுக்குத்தான் பண்றீங்க. ஆனா தெருவையே தொடச்சு எடுத்துட்டீங்கன்னா சாயங்காலம் நான் எங்க போவேன்?"

யோசிக்க வேண்டிய கேள்வி. நமக்கு அது ப்ராஜெக்ட். அவருக்கு அது அரிசி. அன்றைக்கே முடிவெடுத்தார்கள். தெருத் தெருவாகக் கதவு தட்டுவதில்லை. தங்கள் வீடு, சொந்தக்காரர் வீட்டுப் பரண்களில் தூங்கும் சாமான்கள் மட்டும். பழைய பேப்பர், பாட்டில் எதையும் தொடுவதில்லை, அது அவருக்கே. குவியலை ஏற்றி இறக்குகிற வேலையையும் பேசிய கூலிக்கு அவரிடமே கொடுத்தார்கள்.

முதல் ஸ்டாப்: புதுப்பேட்டை

விற்க எங்கே போவது? எல்லோருக்கும் தெரிந்த ஒரே பெயர் புதுப்பேட்டை. 2006-ல் வந்த தனுஷ் படத்தின் புண்ணியம். எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் கூவத்தை ஒட்டிய அந்த உலகம் வந்துவிடும். கதவு ஒரு கடை, பம்பர் ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை, இன்ஜின் ஒரு கடை. முழு காரையே மனசுக்குள் அசெம்பிள் செய்துவிடலாம். தரையெல்லாம் கறுப்பு ஆயில். காற்றெல்லாம் சுத்தியல் சத்தம்.

"மொத்தமா 900 கிலோ இருக்குண்ணே, என்ன ரேட்?" என்று ஒரு கடையில் கேட்டதும் அந்த அண்ணன் சிரித்துவிட்டார்.

"தம்பி, இங்க நாங்க எடை பாத்து விக்கிறவங்க இல்ல. உருப்படி பாத்து விக்கிறவங்க. ஓடுற சாமானை எடைக்குப் போட்டா அதைவிடப் பாவம் இல்ல."

அவர் பார்க்கிற கணக்கே வேறு. ஒரு கார் கதவை இரும்பாகப் போட்டால் கிலோவுக்கு இவ்வளவுதான். கதவாகவே விற்றால் பல மடங்கு. உருக்குவதற்கு முன் ரிப்பேர், ரிப்பேருக்கு முன் அப்படியே உபயோகம். சுற்றுச்சூழல் பாடப் புத்தகம் நாலு யூனிட்டில் சொல்வதை அவர் நாலு வரியில் முடித்துவிட்டார். கேங் அன்று மாலையே குவியலை மறுபடி கிளறியது. ஒரு சைக்கிளும் இரண்டு டேபிள் ஃபேனும் லேசான ரிப்பேரில் உயிர்பெற்றன. மூன்றும் நேராக ஸ்கூலுக்கு.

அடுத்த ஸ்டாப்: கொருக்குப்பேட்டை

மிச்சத்தை ஒரு குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வட சென்னைக்குப் போனோம். கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு காயலான் கடை குடோன். காயல்பட்டினத்துக்காரர்கள் இந்த வியாபாரத்தில் இருந்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள்.

கடைக்கார பாய் குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கலந்து கட்டிப் போட்டா கிலோ 25. பிரிச்சுக் குடுத்தா அததுக்கு அதது ரேட். பிரிக்கத் தெரியுமா?"

தெரியாது. ஆனால் குடோனில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. பல வருஷமாக அங்கே தரம் பிரிக்கும் ஓர் அக்கா. "பேரெல்லாம் வேணாம் தம்பி, வேணும்னா கையைப் போட்டோ எடுத்துக்கோ" என்றார். எடுத்தேன். விரல் நுனியெல்லாம் தழும்பு.

அடுத்த ஒரு மணி நேரம் அக்கா நடத்தியது சுத்தமான மெட்டலர்ஜி கிளாஸ். முதல் ஆயுதம் காந்தம். ஒட்டினால் இரும்பு, தகரம். எவர்சில்வரில் நிக்கல் அதிகமாக இருக்கிற நல்ல ரகம் ஒட்டாது. இரண்டாவது ஆயுதம் அரம். "இந்தக் குழாயைப் பாரு பாப்பா, வெள்ளையா பளபளங்குது. எவர்சில்வர்னு நெனப்ப." அரத்தால் ஒரு இழுப்பு. உள்ளே மஞ்சள் சிரித்தது. பித்தளை! மேலே இருந்தது வெறும் முலாம். மூன்றாவது ஆயுதம் கை. தூக்கிப் பார்த்தே அலுமினியத்தைச் சொல்லிவிடுகிறார். சும்மாவா, இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அது.

வயர் சுருளைப் பார்த்ததும் ஒருவன் தீப்பெட்டி தேடினான். "கொளுத்தாதே!" என்று அக்கா அதட்டினார். மேலே இருக்கிற பிளாஸ்டிக் எரிந்தால் வருகிற புகை விஷம். பி.வி.சி. எரியும்போது டையாக்சின் உண்டாகும் என்று கெமிஸ்ட்ரி படிக்கிற பெண் எடுத்துக் கொடுத்தாள். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. கொளுத்துற இடத்துல இருந்தவங்க நெஞ்சு என்னாச்சுன்னு தெரியும்" என்றார் அக்கா. எல்லோரும் பிளேடும் கையுமாக உட்கார்ந்து வயரை உரித்தார்கள். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது, முடியும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

அன்றைய கணக்கு இது:

இரும்பு 640 கிலோ, 28 ரூபாய் வீதம் 17,920.
தகரம் 120 கிலோ, 18 ரூபாய் வீதம் 2,160.
எவர்சில்வர் 45 கிலோ, 45 ரூபாய் வீதம் 2,025.
அலுமினியம் 70 கிலோ, 110 ரூபாய் வீதம் 7,700.
பித்தளை 22 கிலோ, 380 ரூபாய் வீதம் 8,360.
செம்பு 9 கிலோ, 620 ரூபாய் வீதம் 5,580.
மொத்தம் 906 கிலோ, 43,745 ரூபாய்.

கலந்து போட்டிருந்தால்? 22,650 ரூபாய். கிட்டத்தட்டப் பாதி! வெறும் 31 கிலோ பித்தளையும் செம்பும் 640 கிலோ இரும்போடு போட்டி போட்டு நிற்கின்றன. பழைய சாமானில் பணம் இருக்கிறது என்பது பாதி உண்மைதான். அதைப் பிரிக்கிற கையில்தான் மீதிப் பணம் இருக்கிறது. 21,095 ரூபாய்க்கு மேல் கற்றுக்கொடுத்த அக்காவின் ஒரு நாள் கூலியை இதே தட்டில் வைத்துப் பாருங்கள். கேங்கில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒரு பார்சல், ஓர் உயிர்

பணம் எண்ணும்போது பாய் ஒரு விஷயம் சொன்னார். "மூடியிருக்கிற எதையும் நான் வாங்க மாட்டேன் தம்பி. சிலிண்டர், டப்பா, என்னன்னு தெரியாத மெஷின்... வேணாம்."

ஏன் என்று புரிய 2010-க்குப் போக வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, பல வருஷமாகச் சும்மா கிடந்த ஒரு ஆராய்ச்சிக் கருவியை ஏலம் விட்டது. அது மாயாபுரி காயலான் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே இருந்தது கோபால்ட்-60 என்கிற கதிரியக்கப் பொருள். பிரித்தவர்களுக்கு அது தெரியாது. பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்தே போனார்.

கவனியுங்கள், ஃப்ரெண்ட்ஸ். அனுப்பியது ஒரு யுனிவர்சிட்டி. அதில் என்ன இருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவர்கள் இருந்த இடம். செத்தது, அந்தப் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர். நம் பரணிலிருந்து இறக்கும் மூட்டையிலும் இன்னொருவர் கைவிடப் போகிறார் என்ற நினைப்பு இருந்தால் போதும். உடைந்த கண்ணாடி, ஊசி, மூடிய டப்பா எதுவும் அதில் இருக்காது.

லாஸ்ட் ஸ்டாப்: கும்மிடிப்பூண்டி

"நம்ம இரும்பு கடைசியா எங்க போகுது?" அடுத்த நாள் காலை கொருக்குப்பேட்டையில் புறநகர் ரயில் ஏறினோம். திருவொற்றியூர், எண்ணூர் தாண்டியதும் ஜன்னலில் கடல் காற்று. அத்திப்பட்டு பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை... அப்புறம் கும்மிடிப்பூண்டி. டீக்கடை போர்டிலேயே இந்தி எழுத்து தலைகாட்டுகிறது. பீகார், ஒடிசா தம்பிகள் ஷிஃப்ட் முடிந்து பன் நனைத்துச் சாப்பிடுகிறார்கள்.

சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கோடு போட்ட இடத்தைத் தாண்டாமல் பார்க்க அனுமதித்தார்கள். கிரேனில் தொங்கும் பெரிய காந்தம், பழைய இரும்பை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுகிறது. மின்சாரத்தில் இயங்கும் இண்டக்‌ஷன் உலை. இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்கும் மேலே சூடாக்குகிறார்கள். தூரத்தில் நிற்கும்போதே முகம் காய்கிறது.

"உள்ள தண்ணி தேங்கின டப்பா ஒண்ணு விழுந்தா போதும் சார், வெடிச்சிரும்" என்றார் சூப்பர்வைசர். தண்ணீர் சட்டென்று ஆவியாகி, உருகிய இரும்பையே வாரி இறைக்குமாம். பாய் ஏன் மூடிய டப்பாவைத் தொட மாட்டேன் என்றார் என்பதற்கு இரண்டாவது காரணம் இங்கே கிடைத்தது.

உருகியது நீளக் கட்டைகளாக வார்க்கப்பட்டு, உருளைகளுக்கு நடுவே நசுங்கி, ஆரஞ்சுப் பாம்பு மாதிரி நெளிந்து வெளியே வரும்போது முறுக்குக் கம்பி. நாளைக்கு யாரோ ஒருவர் வீட்டின் தூண். பழைய இரும்பிலிருந்து இரும்பு செய்தால் சுரங்கத்தில் தாது வெட்டும் வேலை மிச்சம். அலுமினியத்தில் மிச்சம் இன்னும் பெரிசு. பாக்சைட்டிலிருந்து எடுப்பதற்கு ஆகும் சக்தியில் சுமார் 5 சதவிகிதம் இருந்தால் பழையதை உருக்கிவிடலாம். உங்கள் வீட்டு ஓட்டைச் சட்டி அத்தனை பெரிய ஆள்!

பொன்னேரியில் இறங்கினால் ஸ்கூல்

திரும்பும்போது பொன்னேரியில் இறங்கி ஷேர் ஆட்டோ. பணத்தை யாரிடம் கொடுப்பது என்பதிலும் கேங் தெளிவாக இருந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்த அம்மாக்கள் முன்னால்தான் கணக்கு வாசிக்கப்பட்டது. வண்டி வாடகை, பெரியவர் கூலி 2,500 போக 41,245 ரூபாய். கதவு, தொட்டி, குழாய், கொத்தனார் எல்லாம் சேர்த்து 40,000. மீதி 1,245-க்கு இரண்டு தாழ்ப்பாள், வாளி, மூடி போட்ட குப்பைக்கூடை.

"தாழ்ப்பாள் உள் பக்கம்தானே?" என்று ஒரு அம்மா கேட்டார். கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஜனவரியில் கதவு மாட்டினார்கள். பச்சை பெயின்ட். நான் போனில் விசாரித்தபோது ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் சொன்னார்: "மதியத்துக்கு மேல அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன் சார். பொண்ணுங்க இருக்காங்க." ஆறாவது படிக்கிற ஒரு வாண்டுக்கு மட்டும் ஒரு சந்தேகமாம். "இந்தக் கதவுல எங்க ஆயா குடுத்த சட்டி இருக்கா டீச்சர்?" சட்டி அலுமினியம், கதவு இரும்பு. ஆகவே இல்லை. ஆனால் அந்தச் சட்டிக்குக் கிடைத்த காசு எங்கேயாவது ஒரு கீலிலோ தாழ்ப்பாளிலோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

அரசுக்குப் போட்ட மனு என்ன ஆச்சு என்கிறீர்களா? அதையும் விடவில்லை. கதவு மாட்டியாச்சு, தினமும் கழிவறையைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று மாற்றி எழுதி மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். கதவைப் பழைய இரும்பு வாங்கித் தரும். தினமும் துடைப்பம் பிடிக்கிற கைக்கு மாசாமாசம் சம்பளம் வேண்டும். அதைப் பரணில் தேட முடியாது.

உங்கள் காலேஜ் பக்கத்திலும் ஒரு ஸ்கூல் இருக்கும். முதலில் அங்கே போய், மதியம் யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பரணில் ஏறுவது அப்புறம். ஏறும்போது ஒரு காந்தமும் ஒரு அரமும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்!